ரோமாபுரியில் போர் பாயிண்ட்

திருச்செங்கோட்டுக்காரன் கண்ணில் தரையில் ஒரு ஓட்டை பட்டால் போதும், எத்தனை அடியில் தண்ணீர் என்றுதான் முதலில் கேட்பான். (சாமி கும்பிடுவதுகூட அதற்கப்புறம்தான்.) அந்தப் புத்தி என் கல்யாணத்தையே குழியில் தள்ளப் பார்த்தது.

அப்போது எங்கள் ஊர்த் தொழிலான போர்வெல் லாரியோடு துனிசியாவில் இருந்தேன். ஊரில் பார்த்த வரன்களெல்லாம் 'ரிக் வண்டிக்காரனா?' என்று நழுவிப்போயிருந்தன. ராசிபுரத்து நித்யாவின் போட்டோ வந்ததும், இதுவும் நழுவிவிடக் கூடாதே என்று தவித்தேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறாள் என்றார்கள். என்ன பாடம் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை, அவ்வளவு மயக்கம்.

வீடியோ காலில் பெண் பார்க்கும் படலம். கிரீஸ் படிந்த கேம்ப்பிலிருந்து பேசினால் மதிப்பாக இருக்காதென்று, பக்கத்திலிருந்த பழைய ரோமானிய ஊருக்குப் போனேன். தூண்களும் கல் பாவிய தெருவுமாக இடிந்து கிடந்தாலும் ஊர் கம்பீரமாகத்தான் இருந்தது. ஒரு சுவரோரம் வழவழவென்று நீளமான கல்பெஞ்சு. அதில் இடைவெளி விட்டு வட்ட வட்டமாக ஓட்டைகள். இஸ்திரி போட்ட சட்டையோடு நடுநாயகமாக உட்கார்ந்தேன்.

"என்ன எடமுங்க தம்பி அது?" என்றார் நித்யாவின் அப்பா.

"ரோமாபுரி ராஜாக்கள் ஆண்ட ஊருங்க. பெரிய மனுசங்கெல்லாம் இப்படி வரிசையா உக்காந்துதான் பேசுவாங்களாம்." (யார் சொன்னது? நானேதான்.)

"அந்த ஓட்டையெல்லாம் எதுக்குங்க?"

என் தொழிலைக் கேட்டுவிட்டார். "போருங்க. அந்தக் காலத்துலயே வரிசையாப் போட்டிருக்காங்க பாருங்க" என்று ஒரு கல்லை உள்ளே போட்டுக் காது கொடுத்தேன். உடனே 'டொக்' என்றது. "மண்ணு மூடிருச்சுங்க, காட்டறேன்" என்று செல்போனை ஓட்டைக்குள் நீட்டினேன். கை நழுவி போன் உள்ளே விழுந்தது.

உள்ளேயிருந்து நித்யாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "நான் ஹிஸ்டரிங்க. அது போர் இல்லீங்க, ஊர்ப் பொதுக் கக்கூசுங்க."

அந்தப் பக்கம் வீடே சிரித்தது. நான் குப்புறப்படுத்து, தோள்வரை கையை விட்டுத் துழாவினேன். இந்த வரனும் போச்சு என்று அழுகையே வந்துவிட்டது. போனை வெளியே எடுத்தபோது திரையில் அவள் மட்டும் இருந்தாள், சிரித்துச் சிரித்து வழிந்த கண்ணீரைத் துடைத்தபடி.

"விடுங்க, அடியில தண்ணி ஓடுன கக்கூசுதானுங்க" என்றாள். "நீங்க ஊருக்கு எப்ப வாரீங்க?"

அடுத்த விமானத்திலேயே வந்துவிட்டேன். கல்யாணமும் நடந்தது.

போன வருடம் மாமனார் டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் வீடு கட்டினார். தண்ணீர் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். அவரோ வேறொரு ஆளைக் கூட்டிவந்து போர் பாயிண்ட்டைக் குறித்து முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, கக்கூசுக்கு மட்டும் நீங்க எடம் பாத்துக் குடுத்துருங்க."