மூன்று வருடம் நடக்கும் சப்பாத்து

ஸ்கந்தபுரம் வேலுப்பிள்ளை தில்லைநாதன் ஆகிய நான், அகவை அறுபத்தெட்டு நிறைவுற்றவன், எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டும் வாசிப்பை விடாதவன், 2024 தைப்பொங்கலன்று ஒரு சபதம் செய்தேன். இனி இவ்வீட்டில் வாங்கப்படும் சப்பாத்து மூன்று வருடம் நடக்கவேண்டும்!

காரணம் உண்டு. எங்களுடன் வளரும் பேத்தி மேனுகாவுக்கு முந்திய ஆண்டு நான் வாங்கிய மினுங்கற் சப்பாத்து ஆறாம் கிழமையே வாய் பிளந்தது. வளர்வாளென்று இரண்டு அளவு பெரிதாக எடுத்து, முனையில் கடதாசி திணித்திருந்தேன். பள்ளி முற்றத்தில் ஓடிய பிள்ளை தடக்கி விழுந்து, முழங்கால் கிழிந்தது. அன்றுமுதல் அவள் ஓடுவதில்லை. நான் தரத்தைக் குற்றஞ்சாட்டினேன். அளவைக் குற்றஞ்சாட்டத் தோன்றவில்லை.

"ஆரும் பாவிச்சதை வாங்குவமப்பா. நல்ல தையலுள்ள சப்பாத்து எத்தினை வீட்டிலை சும்மா கிடக்கு," என்றாள் என் மனைவி விமலேஸ்வரி.

"பிறத்தியான் செருப்போடை அவன்ரை சனியும் வரும்! இண்டைக்கு இதைச் சொல்லுவாய், நாளைக்கு அந்த மயில்வாகனம் கழட்டினதையும் போடச் சொல்லுவாய்."

மயில்வாகனத்துடன் எனக்கு வரப்புத் தகராறு. பதினொரு ஆண்டுகளாகப் பேச்சில்லை.

"என்ரை செருப்பைப் பார்," என்று காலை நீட்டினேன். "நீ தீபாவளிக்குத் தந்தது. ஒரு தையல் அறுந்ததோ? புதுசு எண்டால் இப்பிடி இருக்கோணும்!"

அவள் செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குசினிக்குள் போய்விட்டாள்.

மேனுகாவின் பாதத்தை ஈர்க்கினால் அளந்தேன். மூன்று வருட வளர்ச்சிக்கென இரண்டு விரற்கடை கூட்டி முறித்து, மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கச் சென்றேன். பின்னர் அந்த ஈர்க்குடன் மல்லாவிக் கடையொன்றில் சப்பாத்துகளை வளைத்தேன், இழுத்தேன், மணந்தும் பார்த்தேன்.

"ஐயா, சப்பாத்து வாங்க வந்தனீங்களோ, மாடு பிடிக்க வந்தனீங்களோ?" என்றார் கடைக்காரர்.

அடி தைத்த சோடி ஒன்று என் சோதனைகளில் தேறியது. வீட்டில் மேனுகா போட்டாள். கச்சிதமாக இருந்தது.

"இரண்டு விரல் கூட்டினனான் எல்லே?"

"நீங்கள் பஸ்ஸிலை வாறதுக்கிடையிலை பிள்ளை வளந்திட்டுது," என்றாள் விமலேஸ்வரி.

வளர்ச்சியின் வேகம் என்னைத் திகைக்க வைத்தது. என் நெல் மூட்டைகளில் இடும் குறியை, வட்டத்துள் இரு கோடுகள் குறுக்கிடும் ஒரு புள்ளடியை, சப்பாத்தின் அடியில் சுட்டுப் பதித்தேன்.

ஓராண்டு சென்றது. ஒருநாள் பிற்பகல் வாய்க்கால் கரைப் புழுதியில் என் குறி பதிந்திருக்கக் கண்டேன். பெருமிதத்தோடு பின்தொடர்ந்தேன். அது என் வீட்டைத் தாண்டி, அயலவன் பரமலிங்கத்தின் வாசற் படலைக்குள் நுழைந்தது.

"இஞ்சேர் விமலா! என்ரை குறி பரமலிங்கம் வீட்டுக்குள்ளை போகுது!"

"போகட்டுமன். அவன்ரை சின்னவளுக்கும் கால் இருக்குத்தானே."

"அப்ப மேனுகா போட்டிருக்கிறது?"

"பின்வீட்டுப் பழனியாண்டி அண்ணையின்ரை மூத்தவளின்ரை. அவளுக்கு இறுகிப்போச்சு, எங்கடை பிள்ளைக்கு அளவு."

"மூண்டு வருசம் எண்டெல்லே சொன்னனான்!"

"சப்பாத்து மூண்டு வருசம் நடக்கோணும் எண்டுதான் சொன்னியள். நடக்கும். ஒரே பிள்ளையின்ரை காலிலை எண்டு நீங்கள் சொல்லேல்லை." பிறகு, "ஈர்க்கிலை இரண்டு விரல் முறிச்சதும் நான்தான். பிள்ளை இன்னொருக்கா விழுறதைப் பாக்க என்னாலை ஏலாது," என்றாள்.

அந்நேரம் படலை திறந்தது. "அம்மப்பா!" என்று மேனுகா ஓடி வந்தாள். ஆம், ஓடி வந்தாள். விழவில்லை. முழங்காலைப் பார்த்தேன், பழைய தழும்பு மட்டுமே இருந்தது.

ஆயினும் தோல்வியை முழுதாக ஒப்புக்கொள்ளல் ஆண்மைக்கு அழகன்று.

"எல்லாஞ் சரி. பிறத்தியான்ரை சனி வந்தால் ஆர் பொறுப்பு?"

"உங்கடை செருப்பு மயில்வாகனத்தாருக்குக் கனடாவிலை இருந்து மகன் அனுப்பினது. கொஞ்ச நாள் போட்டிட்டு, இறுக்கம் எண்டு மனிசியிட்டைக் குடுத்தவர். அவாதான் எனக்குத் தந்தவா. ஒரு வருசத்துக்கு மேலை போடுறியள். சனி வந்ததோ?"

இவ்விவகாரம் 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 21ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் நாலரை மணிக்கு, மயில்வாகனத்தின் செருப்பில் நான் நின்றுகொண்டிருக்கையில் முடிவுற்றது.