குடை சாரும் என் இரண்டரை நட்சத்திரமும்

உலகத்தில் யார் மேலும் எனக்குப் பொறாமை கிடையாது. என் தம்பி சுபாங் ஜெயாவில் இரண்டு மாடி வீடு வாங்கினான், நான் வாயே திறக்கவில்லை. என் சகலைக்கு ஐம்பது வயதிலும் தலை நிறைய முடி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் குடை சார் என்று ஒருவர் இருந்தார் பாருங்கள், அந்த மனுஷரை நினைத்து எரிந்த என் வயிற்றில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தோசை சுட்டுப் போட்டிருக்கலாம்.

தொண்ணூறுகளின் கடைசி. ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் டியூஷன் சென்டர். நான் சரித்திரம், அவர் கணிதம். என்னைவிட நாலு வயதுதான் மூத்தவர். யாழ்ப்பாணத்து வம்சம். தாத்தா காலத்திலேயே மலாயாவுக்கு வந்துவிட்ட குடும்பம்தான், ஆனாலும் இவர் நேற்றுக் காலையில் கப்பலை விட்டு இறங்கியவர் மாதிரியே பேசுவார். வெயிலோ மழையோ, கையில் ஒரு நீளமான கறுப்புக் குடை இருக்கும்.

வகுப்பில் யாராவது தப்பான விடை சொன்னால் அந்தக் குடையைப் படாரென்று விரித்து அதன் கீழ் நின்றுகொள்வார். "ஐயோ, பிழை மழை கொட்டுது! நனையப் போறன்!" சரியான விடை வரும்வரை குடை மடங்காது. பிள்ளைகளுக்கு இது பெரிய கொண்டாட்டம். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. "இது வெறும் தூறல். இதுக்கெல்லாம் குடை விரிக்கேலாது" என்று விடுவார். நம்பும்படியான தப்பு விடை வேண்டும் என்றால் முதலில் சரியான விடை தெரிந்திருக்க வேண்டுமே! அதற்காகவே அந்தக் குரங்குகள் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு வந்தன. நான் வருஷக் கணக்காகக் கத்தியும் எனக்காக ஒருத்தனும் வீட்டில் புத்தகத்தைத் திறந்ததில்லை.

ஒருமுறை ஒரு தகப்பனார் வந்து, "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு சார் அடிஷனல் மேத்ஸ்? நிப்பாட்டிரலாம்னு பாக்குறேன்" என்றார். இவர் உடனே குடையை விரித்தார். அரைமணி நேரம் குடைக்குள் நின்றபடியே அவரிடம் மரியாதையாகப் பேசினார். கடைசியில் அந்த அப்பாவே, "சரி சார், படிக்கட்டும், அந்தக் குடைய மடிங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று கும்பிட்டார்.

இப்படி நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது, அதில் வந்து விழுந்தது இன்டர்நெட். செராஸிலிருந்து வரும் ஷாமினி என்ற பதினேழு வயது, ஐந்தாம் படிவத்துப் பெண் இலவசமாக ஒரு வெப்சைட் திறந்து, எங்கள் சென்டர் வாத்தியார்கள் எல்லாருக்கும் பிள்ளைகள் நட்சத்திரம் போடும்படி செய்துவிட்டாள். ஐந்துக்கு எத்தனை என்று போடலாம், கீழே கருத்தும் எழுதலாம், பெயர் போட வேண்டாம். இருபது வருஷம் நான் அவர்களுக்கு மார்க் போட்டேன், இப்போது அவர்கள் எனக்குப் போடுகிறார்களாம். காலக் கொடுமை.

சென்டரை நடத்திய மேடத்துக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், தலைகால் புரியாத சந்தோஷம். திங்கட்கிழமை தோறும் அந்தப் பக்கத்தை அச்செடுத்து நோட்டீஸ் போர்டில் குத்தினார். முதல் வாரம் குடை சாருக்கு ஐந்து. எனக்கு இரண்டரை. கீழே ஒரு கருத்து: 'சார் கிளாஸ்ல நல்லா தூக்கம் வரும் லா.'

அதோடு விட்டாரா? "மாசக் கடைசியில யாருக்கு ஸ்டார் ஜாஸ்தியோ, சனிக்கிழமை காலை வகுப்பு அவங்களுக்கு" என்று மேடம் அறிவித்துவிட்டார். சனிக்கிழமை காலை வகுப்பு என்பது சாதாரண விஷயமில்லை. பெரிய அறை, மைக், எண்பது பிள்ளைகள், காஜாங்கிலிருந்தெல்லாம் வருவார்கள். ஆறு வருஷமாக அது என் வகுப்பு. மற்ற நாட்களில் நான் ஒரு டியூஷன் வாத்தியார், சனிக்கிழமை காலை மட்டும் நான் ஒரு ஆள். அதைப் பிடுங்கப் பார்த்தால் சும்மா இருப்பேனா?

நேரே சைபர் கஃபேக்குப் போனேன். எனக்கு நானே ஐந்து நட்சத்திரம் போட்டேன். 'மிகச் சிறந்த ஆசிரியர், குரல் கம்பீரமானது' என்று எழுதினேன். இன்னொரு தரம் அழுத்தினால் ஏற்கவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு ஓட்டுதான் போலிருக்கிறது. அடுத்த நாற்காலிக்கு மாறினேன். அதற்கடுத்து இன்னொன்று. கடைக்கார அக்கா வந்துவிட்டார். "என்ன சார், கம்ப்யூட்டர் ஸ்லோவா? ஏன் மாறி மாறி உக்கார்றீங்க?"

"ஏர்கோன் காத்து நேரா மூஞ்சியில அடிக்குதுக்கா."

ஒன்பதாவது நாற்காலியில் எனக்குப் புத்தி கெட்டது. குடை சார் பெயரை அழுத்தி, ஒற்றை நட்சத்திரம் போட்டேன். பிள்ளைகள் எழுதின மாதிரி இருக்கட்டும் என்று மலாயில், 'பாடம் ஒழுங்காக இல்லை, வேடிக்கை அதிகம்' என்று எழுதினேன். பெரிய சாமர்த்தியசாலி மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் ஒரே கூட்டம், சிரிப்பு. என்னைப் பார்த்ததும் கப்சிப். எட்டிப் பார்த்தேன். குடை சாருக்கு நான் எழுதின கருத்தின் கடைசியில், 'போலே டிபெர்பாய்கி லாகி' என்று இருந்தது. இன்னும் திருத்திக்கொள்ளலாம் என்று அர்த்தம். இருபது வருஷமாக எந்தப் பிள்ளையின் நோட்டைத் திருத்தினாலும் அடியில் நான் எழுதுகிற வரி அது. என் கை தானாக எழுதித் தொலைத்திருக்கிறது! அங்கே நின்ற ஒவ்வொருவன் நோட்டிலும் அந்த வரி நூறு தடவை இருக்கும்.

மேடமும் வந்து படித்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார். "யார் எழுதினது இது?"

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான்தான் மேடம்."

குடை சார். "எனக்கு நானே போட்டனான். எல்லாரும் அஞ்சு அஞ்சு எண்டு போட்டால் எனக்குத் தலைக்கனம் வந்திடும் பாருங்கோ."

"சார், உங்களுக்குத்தான் மவுஸ் புடிக்கவே தெரியாதே!" என்றாள் ஷாமினி.

"நேற்றுப் பழகினனான் பிள்ளை. வகுப்புக்குப் போங்கோ!"

ஒருத்தரும் நம்பவில்லை. ஆனால் அதற்குமேல் யாரும் கேட்கவும் முடியவில்லை. சாயங்காலம் படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏன் சார் அப்படிச் சொன்னீங்க? என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாமே."

"அதை விடும் ஐசே. நீர் எழுதினது உண்மையோ பொய்யோ, அதைச் சொல்லும். என்ர பாடம் ஒழுங்கா இல்லையோ?"

நான் விழித்தேன். மனுஷர் விளையாட்டாகக் கேட்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு கவலை.

"வேடிக்கை கூடத்தான் எண்டு எனக்கும் ஒரு யோசனை இருந்தது. ஒருத்தரும் சொல்லேல்லை. நீர் என்ர வகுப்புக்கு வந்து பின்னால இரும். எது பிழை எண்டு எழுதித் தாரும்."

மாசக் கடைசியில் சனிக்கிழமை வகுப்பு அவருக்கே போனது. எரிந்துகொண்டே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். விடுவேனா? நோட்டுப் போட்டுக் குற்றம் கண்டுபிடித்தேன். பலகையில் எழுத்து சின்னது. பையன்கள் பக்கமே பார்த்துப் பேசுகிறார். உதாரணத்தைப் பாதியில் விட்டு ஓடுகிறார். அடுத்த வாரம் போனால் எல்லாவற்றையும் திருத்தி வைத்திருப்பார். நான் பொறாமைப்படப் பட அவர் பாடம் மெருகேறிக்கொண்டே போனது. இதைவிடக் கேவலம் ஒரு எதிரிக்கு வருமா, நீங்களே சொல்லுங்கள்.

அடுத்த வருஷம் அவர் கிள்ளானில் வீடு வாங்கிக்கொண்டு, அங்கேயே ஒரு சென்டரில் சேர்ந்துவிட்டார். சனிக்கிழமை வகுப்பு எனக்குத் திரும்பி வந்தது. மைக்கைப் பிடித்து நின்றேன். எண்பது பிள்ளைகள், ஆறு வருஷமாக நான் நின்ற அதே இடம். கண் மட்டும் கடைசி பெஞ்சிலேயே நின்றது. சனியன் பிடித்த மனுஷர், போனதுதான் போனார், என் சந்தோஷத்தையும் சேர்த்துக் கொண்டு போயிருக்கிறார்.

சில மாதத்தில் வெப்சைட்டில் எனக்கு நாலரை நட்சத்திரம் வந்தது. சத்தியமாக நான் போடவில்லை. அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு புறநகர் கொம்யூட்டர் ரயிலேறிக் கிள்ளான் போனேன். அவர் வயிறும் ஒருநாள் எரியட்டுமே!

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தார். "நாலரையோ?" என்றார். "மிச்ச அரை எங்க போச்சுது?"

"எனக்கு எப்படி சார் தெரியும்? சொல்றதுக்கு அங்க யாரு இருக்கா?"

அவர் தாளை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கிறீரா என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை, பிள்ளைகள் ஒருவரும் வருவதற்கு முன்னால், கிள்ளானிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்து, கடைசி பெஞ்சில் மடியில் ஒரு புது நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.