ஒரே முடிக்கு மூணு ரேட்டு

நெய்வேலியில் ஒரு ஆளுடைய சம்பளம் அவர் மனைவிக்குத் தெரியாமல் இருக்கலாம், சலூன்காரர் ஸ்லாப்புக்குத் தெரியாமல் இருக்காது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துண்டு விழுந்த அடுத்த நிமிஷமே எல்லாரும் உள்ளதைக் கக்கிவிடுவார்கள். சவரக்கத்தி அவர் கையில் இருக்கிறது, வேறென்ன செய்வது?

சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. முத்தாண்டிக்குப்பத்துக்காரர். எங்கள் டவுன்ஷிப் கடைவீதியில் சலூன் வைத்திருக்கிறார். வருமான வரியில் சம்பளம் ஏற ஏற வரி விகிதமும் படிப்படியாக ஏறுகிறதே, அந்தப் படிக்குப் பேர்தான் ஸ்லாப். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து முடிவெட்டுக்குப் போட்ட மகானுபாவர் இவர். சுவரில் போர்டு தொங்கும்: கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு அறுபது ரூபாய், பர்மனென்ட்டுக்கு நூற்றிருபது, ஆபீசருக்கு இருநூறு. அதே நாற்காலி, அதே கத்திரி, அதே பவுடர்.

நான் அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கிறேன். சுரங்கக் கம்பெனியில் எல்லார் சம்பளத்திலும் வரி பிடிக்கிற புண்ணியவான். பாக்கி வரியை மொத்தமாகப் பிடிக்கிற பிப்ரவரி மாதம் வந்துவிட்டால் பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்கூட என்னைக் கண்டதும் வண்டியைத் திருப்பிவிடுவார். அந்த மாதத்திலும் என்னைப் பார்த்துச் சிரிக்கிற ஒரே ஜீவன் ஸ்லாப்தான். "வாங்க சார், நம்ம டிபார்ட்மென்ட்டு" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார்.

"நீங்க வரி கட்டுறீங்களாண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நம்ம வருமானத்துக்கு வரி வராதுங்க சார். அதான் எனக்கு ஒரே கொற."

வரி என்று ஒன்று வந்தால் ஏய்ப்பும் கூடவே வருமில்லையா? ஒருநாள் ஒரு ஆபீசர் சாயம்போன காக்கிச் சட்டையும் இரவல் ஹெல்மெட்டுமாக வந்து, "கான்ட்ராக்ட்" என்று முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தார். ஸ்லாப் அவர் காதை மடக்கிப் பார்த்தார். "மைன்ஸ்ல ஷிப்டு முடிச்சிகினு வர்ற ஆளுக்கு காதுக்குள்ள மண்ணு இருக்கும். உங்க காதுல சென்ட்டு வாசன அடிக்குதே சார்?" இருநூறும் வாங்கி, அபராதமாக இருபதும் வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

சும்மா சொல்லக்கூடாது, ஆள் கொஞ்சம் ஓவர்தான். கையில் தங்கச் செயின் போட்டு வந்தால் சர்சார்ஜ். முடிவெட்டி முடியும்வரை விலைவாசியைப் பற்றிப் புலம்பும் ஆபீசருக்குப் பத்து ரூபாய் புலம்பல் செஸ். நான் அப்போது வெறும் பர்மனென்ட்தான், இருந்தாலும் வாயைத் திறக்கவே மாட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு பெரிய ஆபீசரின் தலையில் முட்டிக்கொண்டது. காதோரம் இரண்டு பக்கமும் கொஞ்சம் முடி, மேலே பளபளவென்று மைதானம். போர்டைப் பார்த்தவர், "இருக்கிறதே நாலு முடி, இதுக்கு இருநூறா?" என்றார்.

"முடிக்கா சார் வாங்கறேன்? சம்பளத்துக்கு வாங்கறேன்."

கடையே சிரித்துவிட்டது. அந்தச் சிரிப்புதான் வினையானது. அடுத்த வாரமே, கடையை வாடகைக்கு விட்ட ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. எல்லாருக்கும் ஒரே கட்டணம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்ய வேண்டும்.

எல்லாருமே புத்தி சொன்னார்கள். பொதுவாக நூற்றிருபது என்று வைத்துவிட்டால் தீர்ந்தது. நானும் அதைத்தான் சொன்னேன். ஸ்லாப் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆபீசருக்கு எம்பது ரூபா மிச்சம். கான்ட்ராக்ட்டு ஆளுக்கு அறுவது ரூபா தண்டம். இதுக்குப் பேரு சமமா சார்? கட போனாலும் போவட்டும். மரத்தடியில உக்காந்துகினு வெட்டுவேன், இதே ரேட்டுக்கு."

வீறாப்பாகச் சொல்லிவிட்டார். அந்தக் கடை ஒன்றுதான் அவருக்குச் சோறு.

பெரிய ஆபீசர் ஒருநாள் மறுபடி வந்து உட்கார்ந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "எனக்குக் காசு பிரச்சினை இல்லப்பா. கஷ்டப்பட்டுப் படிச்சு மேல வந்திருக்கேன். மேல வந்ததுக்கு அபராதமா? நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார்.

ஸ்லாப் அவர் கழுத்தில் துண்டைக் கட்டிக்கொண்டே பேசினார். "நீங்க கஷ்டப்படலன்னு யாரு சார் சொன்னது? மைன்ஸ்ல ஒரு பைப்ப ரெண்டு பேரு தூக்கிகினு போறாங்க. முன்னால பர்மனென்ட்டு, பின்னால கான்ட்ராக்ட்டு. ரெண்டு தோளுக்கும் ஒரே வெயிட்டு, சம்பளம் மட்டும் வேற வேற. ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளம் குடுக்கறப்ப எந்த சாருக்கும் கோவம் வரல. ஒரே முடிக்கு மூணு ரேட்டுன்னா மட்டும் நியாயம் ஞாபகம் வருதா?"

பெரிய சார் எழுந்து போய்விட்டார், கழுத்தில் கட்டிய துண்டோடு. மறுநாள் அவர் டிரைவர் அதைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்.

துண்டு வந்ததே தவிர நோட்டீஸ் திரும்பிப் போகவில்லை. மாதக் கடைசியில் அந்த ஆபீசிலிருந்து ஒருவர் பார்வையிட வந்தார். கடையில் புதுப் போர்டு. 'முடிவெட்டு: அனைவருக்கும் ஒரே கட்டணம், ரூபாய் இருநூறு.' வந்தவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் கீழே படித்தார். 'பர்மனென்ட்டுக்குத் தள்ளுபடி எண்பது. கான்ட்ராக்ட்டுக்குத் தள்ளுபடி நூற்று நாற்பது.'

"யோவ், இது பழைய ரேட்டுதானே?"

"நீங்க சொன்ன மாதிரி ஒரே ரேட்டுதாங்க சார். தள்ளுபடி குடுக்கக்கூடாதுன்னு நோட்டீஸ்ல இல்லியே? துணிக்கடைக்காரன் ஆடியில குடுக்கறான், நான் வருஷம் பூரா குடுக்கறேன்."

அவரும் நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. ஒரே கட்டணம் வைத்தாகிவிட்டது என்று குறித்துக்கொண்டு போனார். குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கமும் வரியில் இப்படித் தள்ளுபடி தருகிறது, அது சலூன்காரருக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான் சொல்வேன்.

போன மாதம் எனக்குப் பிரமோஷன் வந்து ஆபீசரானேன். ஆபீஸில் "டேக்ஸ்லயே பாதி போயிடுமே சார்" என்று துக்கம் விசாரித்தார்கள். ஸ்லாப்போ கத்திரியை வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தன் செலவில் டீ சொன்னார். முடி வெட்டி, பவுடர் போட்டு, துண்டை உதறிவிட்டு, "இருநூறு சார்" என்றார்.

கொடுத்தேன். பெஞ்சில் காத்திருந்த கம்மாபுரத்துப் பையன், ஷிப்ட் முடிந்து வந்த கான்ட்ராக்ட் தொழிலாளி, கூச்சத்தோடு எழுந்து, "ரொம்ப தேங்ஸ் சார். நீங்கள்லாம் கூடக் குடுக்கறதாலதான் எங்களுக்குக் கொறையுது" என்றான்.

ஸ்லாப்புக்கு வந்ததே கோபம். "தேங்ஸ் எதுக்குடா தம்பி? அவரு உனக்கு தருமமா போடறாரு? அது அவரு ரேட்டு, இது உன் ரேட்டு. நெஞ்ச நிமித்திகினு வந்து உக்காரு."

பண்ருட்டி ரோட்டில் ஏசி சலூனில் நூற்றைம்பதுக்கு வெட்டுகிறார்களாம், மனைவி தினமும் சொல்கிறாள். வெட்டட்டும். நான் ஒரு படி ஏறியதற்கு என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்ட மனுஷன் கையை விட்டு இந்தத் தலை வேறெங்கும் போகாது.