சங்கத்து ரசீது

"அண்ணே, மேனேஜர் ஒங்களை ஒடனே வரச் சொன்னாக" என்று மலையம்மாள் வந்து சொன்னபோது, மரிய ஜெரால்டின் சட்டைப் பையில் சங்கத்து ரசீது இருந்தது.

பள்ளத்தூரில் பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருந்தார்கள். அங்கே பதினோரு வருடமாகப் பரிமாறுகிறவர் அவர். நேற்றுத்தான் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்திருந்தார். சேர்ந்ததற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்தக்கூடாது, சட்டம் இருக்கிறது என்று காரைக்குடியிலிருந்து வந்த சங்கத்துக்காரர் அடித்துச் சொன்னார். கேட்கும்போது தைரியமாகத்தான் இருந்தது. மகள் பெனிட்டா நர்சிங் முதல் வருடம் படிப்பது நினைவுக்கு வந்ததும் தைரியம் கரைந்துவிட்டது.

ரசீதோடு போய் மேனேஜர் முன்னால் நிற்க முடியுமா? சாப்பாட்டு மேசைகளில் விசிறி போல மடித்து வைத்திருந்த துணிகளில் ஒன்றுக்குள் அதைச் செருகிவிட்டுக் கிளம்பினார்.

மேனேஜர் அழகுசுந்தரம் வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டப்பட்டது. ஐந்தாம் மேசை வெள்ளைக்காரம்மா. துணிக்குள் கிடந்ததை பில் என்று நினைத்து, மரியாதையாகக் கொண்டுவந்து நீட்டினாள். அழகுசுந்தரம் வாசித்தார்.

"மரிய ஜெரால்டு... ஒங்க பேருதானே?"

"ஊர்ல எத்தனையோ ஜெரால்டு இருக்காக, சார்."

"நம்ம ஓட்டல்ல எத்தனை ஜெரால்டு இருக்கீக?"

"அது சும்மா வாங்குனது சார். நான் சேரவே இல்ல."

"சேந்தா ஒண்ணும் தப்பில்லையே."

இத்தனை இனிக்க இனிக்கப் பேசுகிறார் என்றால் வேலை போகப்போகிறது என்று ஜெரால்டு முடிவே கட்டிவிட்டார்.

"எழுதியே தாரேன் சார்!"

"வேணாம் ஜெரால்டு. நல்லா யோசிச்சுக்கங்க."

மிரட்டுகிறார்! ஜெரால்டு மேசையிலிருந்த தாளை இழுத்து, தான் எந்தச் சங்கத்திலும் இல்லை, இனியும் சேரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரசீதையும் வாங்கிச் சுக்குநூறாகக் கிழித்தார். அழகுசுந்தரம் பெருமூச்சு விட்டபடி வேறொரு தாளை எடுத்து அதில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"சரி, போங்க."

முற்றத்தில் மலையம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஓட்டலில் முதல் ஆளாகச் சங்கத்தில் சேர்ந்தவள் அவள். பார்க்கவே ஜெரால்டுக்குப் பாவமாக இருந்தது.

"நான் தப்பிச்சுட்டேன் மலையம்மா. சங்கத்துல இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீயும் போய் எழுதிக் குடுத்துரு."

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

"அய்யய்யோ, என்ன காரியம்ணே பண்ணுனீக! நாலு பேரை வேலையை விட்டு நிறுத்தப் போறாக. சங்கத்து ஆளுகளைத் தொட்டா பழிவாங்குன கேசாயிரும்னு வக்கீல் சொல்லிட்டாராம். அதான், சங்கத்துல சேராதவுக யாருன்னு மேனேஜர் காலையிலேருந்து லிஸ்ட் எடுத்துக்கிட்டிருக்காரு!"