மைக்கண்ணன் தனக்கே சொன்ன அறிவித்தல்

செங்கலடியில் ஒருவர் செத்தாரா இல்லையா என்பதை முடிவு செய்வது யமன் அல்ல, எங்கள் தெரு மைக்கண்ணன்தான். ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு அவர் மரண அறிவித்தல் சொல்லும்வரை, கண்முன்னே பிணம் கிடந்தாலும் ஊர் நம்பாது.

சாவீட்டுக்காரர்கள் கூலியோடு ஒரு போத்தல் சாராயமும் கொடுப்பார்கள். சாவு இல்லாத நாளில் மனுஷன் கசிப்பு என்ற கள்ளச் சாராயத்துக்குப் போனார். போகப்போக, காலையில் கை நடுங்கி மைக் பல்லில் இடித்தது. ஒருநாள் செத்தவரின் பெயருக்குப் பதிலாக மருமகனின் பெயரைச் சொல்லிவிட, அந்த மருமகனே சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தான்!

கடைசியில் இரத்த வாந்தி. "ஈரல் பழுது. வாட்டில தங்கி மருந்தெடுத்தாத்தான் குடி நிக்கும், உசிரும் தப்பும்" என்றார் டாக்டர்.

குடியை நிறுத்த மருந்து கொடுக்கும் அந்த வாட்டு இருந்தது மனநோய்ப் பிரிவில். ஊர் வைத்த பெயர் விசர் வாட்டு.

"விசர் வாட்டுக்குப் போனா எங்கட புள்ளைய ஆருகா கட்டுவான்?" என்று அவர் மனைவி என்னிடம் அழுதார். மைக்கண்ணனுக்கு வேறு கவலை. "நான் போய்ப் படுத்தா வீட்டில உலை வைக்கிறது ஆரு, தங்கச்சி?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஊருக்குப் பயந்து சாகப்போறீங்களோ?" என்று கத்திவிட்டேன்.

மறுநாள் காலை அவர் மைக்கைப் பிடித்தார். அந்த வாய்க்குத் தெரிந்தது ஒரே பாட்டுத்தானே!

"செங்கலடியைப் பிறப்பிடமாகவும், கசிப்புக் கொட்டிலை வதிவிடமாகவும் கொண்ட மைக்கண்ணன், இன்று குடியை விடுவதற்காக ஆஸ்பத்திரி வாட்டுக்குச் செல்கிறார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்!"

சொல்லிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவை விட்டார். இராகம் சாவு இராகம். பாதிப்பேர் பெயரை மட்டும் கேட்டுவிட்டு ஓடிவந்தார்கள். சாவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று சோறும் கறியும் சட்டி சட்டியாக வந்தன. ஒரு கிழவி ஒப்பாரியே தொடங்கிவிட்டாள்.

"ஐயோ, ஆள் சாகல்லகா! வாட்டுக்குப் போயிருக்காரு!" என்று மனைவி அலறினார். மறைக்க நினைத்ததை அவர் வாயாலேயே ஊர் கேட்டது.

 ஒப்பாரி வைத்த கிழவி மூக்கைச் சிந்தினாள். "அதுக்கென்ன? அவன் சுகமாகி வாறவரைக்கும் நீ அடுப்பு மூட்டாத. நாங்க தாறம்."

அப்படியே தந்தார்கள். சிரித்தவர்களும் உண்டு. மகளுக்கு வந்திருந்த சம்பந்தம் ஒன்று நின்றுபோனது. "போனாப் போகட்டும், அப்பா இருக்காருதானே" என்றாள் அவள்.

மைக்கண்ணன் குடியை விட்டு, மெலிந்துபோய்த் திரும்பிவந்தார். இப்போது சாவீட்டில் அவருக்குப் போத்தல் இல்லை, பால் விடாத பிளேன்ரீ மட்டும்தான்.

காலையில் தெருமுனையில் அந்த இராகம் கேட்டால் இன்றும் எனக்கு நெஞ்சு திடுக்கிடும். போனது யாரென்று காதில் விழுமுன்பே, சொல்வது மைக்கண்ணன்தான் என்று தெரிந்து நிம்மதியாக மூச்சு விடுவேன்.