கோழிக்கும் ஆட்டுக்கும் நடுவில் மாப்பிள்ளை

கொரட்டூர்,
ஞாயிறு

அன்புள்ள அண்ணாவுக்கு,

சௌம்யாவின் நிச்சயதார்த்தத்துக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணியின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும். நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம்.

வேலப்பன்சாவடியில் எங்கள் கல்லூரியில், முதுகெலும்புள்ள பிராணிகளின் ரத்தப் பிளாஸ்மாவில் உள்ள புரதங்களை ஒப்பிடும் செய்முறை வகுப்பு. அணுக்களை நீக்கியபின் மிஞ்சும் மஞ்சள் நீரை ஜெல்லில் விட்டு மின்சாரம் செலுத்தினால் புரதங்கள் பிரிந்து ஓடும். சாயம் போட்டால் கோடுகளாகத் தெரியும். மீன், கோழி, ஆட்டு ரத்தம் கடையில் கிடைத்தது. மனித ரத்தம் கேட்டதும் மாணவர்களில் பாதிப் பேருக்குச் சோகை, மீதிப் பேருக்கு விரதம். அந்த நேரம் பார்த்து, நிச்சயதார்த்தப் பத்திரிகையின் மாதிரியைக் காட்ட வந்த மாப்பிள்ளைப் பையன் விஷ்ணு, "நான் தரேன் ஆன்ட்டி" என்று கையை நீட்டினான், கொடுத்தான், மயங்கினான், எழுந்து சோதனைக் குழாய் வரிசையைப் படமெடுத்து ஸ்டேட்டஸும் வைத்தான். அவன் குழாயில் ‘மனிதன்’ என்று நான் எழுதியிருக்கக் கூடாதா? கோழி, விஷ்ணு, ஆடு என்று பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தேன்.

அன்று மாலையே ஐயப்பன்தாங்கலிலிருந்து அவன் பெரியப்பா அப்பாவு போனில் பேசினார்.

"இன்னாம்மா, பொண்ணு குடுக்கசொல்ல ஜாதகம் பாப்பாங்க. நீ எங்க புள்ளய ஆட்டுக்குப் பக்கத்துல வச்சு பாத்துகினு கீறியாமே? இன்னா சீக்கு கண்டே?"

நோய் பார்க்கவில்லை, ஒப்பிட்டோம் என்றேன்.

"ஒப்பிட ஆடுதான் கெடச்சுதா?"

பையனின் அம்மா சுலோசனா போனைப் பிடுங்கினார். "அத்த உடு சம்மந்தி. எம்புள்ளைது நல்ல ரத்தமா, இல்லியா?"

அதை ஜெல் சொல்லாது என்று உண்மையைச் சொன்னேன். நான் எதையோ மறைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்கள். பெற்ற மகள் சௌம்யா என்னோடு பேசுவதில்லை. இவரோ, "நல்ல ரத்தம்னு ஒரு வார்த்தை சொன்னா உன் டாக்டர் பட்டத்தைப் பிடுங்கிக்குவாங்களா?" என்கிறார். சொல்ல மாட்டேன் அண்ணா. கல்யாணமே நின்றாலும், இல்லாததை ஜெல்லில் காட்டும் பிழைப்பு எனக்கு வேண்டாம்.

சாமி விஷயத்தில் என் சந்தேகம் உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அண்ணியை ஒரு கற்பூரம் ஏற்றச் சொல்லுங்கள்.

அன்புத் தங்கை,
ரேகா

பின்குறிப்பு: மறுநாள், இதைத் தபாலில் சேர்க்குமுன், சுலோசனா அம்மாள் கல்லூரிக்கே வந்துவிட்டார். ஜெல்லைப் பார்த்து, "இதானா எம்புள்ள? ஆட்டவுட கோடு தடியா கீதே!" என்று பூரித்தார். பிறகு, "பொண்ணோடதையும் வுட்டுக் காட்டு" என்றார். சௌம்யா ஓடிவந்து கை நீட்டினாள். கூடுதலாக ஊற்றினால் கோடு தடிக்கும் என்பது முதலாண்டுப் பாடம். மகளுக்கு இரண்டு மடங்கு ஊற்றினேன். அவள் கோடு பையனுடையதை மிஞ்சிவிட்டது. அம்மாள் முகம் வாடியது. விஷ்ணுவுக்கு மறுபடி ஓட்டினேன், மூன்று மடங்கு.

"ஆங், இப்ப சரியா கீது சம்மந்தி. நிச்சயத்துக்குப் பொடவ எடுக்க எப்போ போலாம்?" என்றார்.