ஒட்டிய தாளின் மறுபக்கம்

மருந்து சாப்பிடுகிறவர்களை உங்களுக்குத் தெரியும். எழுதிக் கொடுக்கிறவர்களையும் தெரியும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இனம் நடமாடுகிறது. அது மருந்தைச் சாப்பிடாது, எழுதியும் கொடுக்காது. மருந்தைப் படிக்கும்.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். ஒரு மாத்திரைப் பெட்டியைக் கையில் கொடுத்துப் பாருங்கள். நீங்களாக இருந்தால் அட்டையை உருவி, ஒன்றைப் பிதுக்கி, தண்ணீரோடு விழுங்கிவிட்டு வேலையைப் பார்ப்பீர்கள். இந்த இனத்தவர் அட்டையைத் தொடமாட்டார். அதன் முதுகில் ஒட்டிக் கிடக்கும், எட்டாய் மடித்த அந்த மெல்லிய தாளை இரண்டு விரலால் இழுப்பார், மேஜையில் விரிப்பார், உள்ளங்கையால் நீவுவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எறும்பு வரிசை போன்ற எழுத்துக்குள் மூக்கை நுழைப்பார். மருந்து எதற்கு என்று பார்க்கவா? அது அவருக்கு எதற்கு? நேராகப் ‘பக்கவிளைவுகள்’ என்ற தலைப்புக்குப் போய்ச் சேர்வார். வெளியூரில் அலைந்துவிட்டு வீட்டுப் படியேறுகிறவர் முகத்தில் ஒரு நிம்மதி வருமே, அது வரும்.

நம்மிடம் சிக்கிய மாதிரிக்கு வயது ஐம்பத்தேழு. ஒரு செய்தித்தாள் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் நறுக்குப் பிரிவின் தலைவர் அவர். பிரிவின் மற்ற உறுப்பினர்களும் அவரே. நாளிதழ்களில் வரும் செய்திகளை நறுக்கி, ஒட்டி, தலைப்பு எழுதி அடுக்கிவைப்பது வேலை. வெள்ளம் என்று கேட்டால் வெள்ளம் வரும், விபத்து என்று கேட்டால் விபத்து வரும். ஒரு காலத்தில் கேட்டார்கள். கணினி வந்த பிறகு மூன்றாம் மாடிக்கு யாரும் ஏறுவதில்லை. நீளக் கத்தரிக்கோல், இரும்பு அளவுகோல், மாவுப் பசை டப்பா, அதில் நட்டுவைத்த தூரிகை எல்லாம் அவரைப் போலவே ஓய்வு வயதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தன.

அந்த நேரத்தில்தான் அலுவலகத்தில் ஒரு மருத்துவ முகாம் வைத்தார்கள். இவருக்குப் பிரஷர் இருக்கிறது என்று சொல்லி ஒரு மாத்திரையைக் கொடுத்தார்கள். ரத்தக்குழாயின் சுவரைத் தளர்த்தி, ரத்தம் தாராளமாக ஓட வழிவிடும் மாத்திரை. பேருந்தில் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து தாளைப் பிரித்தார். கணுக்கால் வீக்கம், முகச் சிவப்பு, தலைவலி. இறங்கும்போது கணுக்கால் வீங்கியிருந்தது. முகம் சிவந்திருந்தது. தலை வலித்தது.

மாத்திரை பெட்டியிலேயேதான் இருந்தது.

அன்று பிறந்தது அந்த நோட்டுப் புத்தகம். தடித்த அட்டை போட்ட, மேஜையில் பாதியை அடைக்கிற நோட்டு. உறவினர் வீடு, அலுவலகம், பக்கத்து வீடு எங்கே மாத்திரைப் பெட்டி திறந்தாலும் தாள் இவருக்கு. அதில் பக்கவிளைவுகள் என்ற பகுதியை மட்டும் அளவுகோல் வைத்து நறுக்கி, பசை தடவி, ஒட்டி, மேலே சிவப்பு மையில் மாத்திரையின் பெயரை எழுதுவார். மீதித் தாள் குப்பைக்கூடைக்கு. மீதியில் என்ன இருந்துவிடப் போகிறது? எப்படிச் சாப்பிடுவது என்று இருக்கும். வாயால்தானே சாப்பிடப் போகிறார்கள்!

நோட்டு தடித்தது. அதோடு ஞானமும் தடித்தது. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிற தலைமை எழுத்தரிடம், “உறைய வேண்டிய நேரத்துல உறையாம இருக்கத்தான் சார் இது. காலையில பல்லு விளக்கும்போது ஈறுல ரத்தம் பாத்தீங்களா? இன்னும் இல்லையா? வரும்” என்று ஆறுதல் சொல்வார். கொழுப்பு மாத்திரைக்காரரின் தோளில் கை வைத்து, “இங்க வலிக்குதா?” என்று அமுக்குவார். அந்த அமுக்கு அமுக்கினால் யாருக்குத்தான் வலிக்காது? நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் கூட்டத்தின் நடுவே எழுந்து வெளியே போனால், இவர் எல்லாரையும் பார்த்து அர்த்தத்தோடு தலையாட்டுவார். அலுவலகத்தில் இவருக்குப் ‘பக்கவிளைவு’ என்று பெயர் வைத்தார்கள். இவருக்கு அது தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

இதோடு நின்றிருந்தால் ஒன்றும் இல்லை. ஆனால் இந்த இனத்தைக் கெடுப்பது தவறு அல்ல. ஒரே ஒருமுறை சரியாகச் சொல்லிவிடுவதுதான்.

லிஃப்ட் இயக்குபவர் இரண்டு மாதமாக வறட்டு இருமல் இருமிக்கொண்டிருந்தார். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. இவர் ஒருநாள் லிஃப்டில் ஏறி, “பிரஷர் மாத்திரை எடுக்கறீங்களா? பேரு ‘ப்ரில்’னு முடியுதா?” என்றார். முடிந்தது. “டாக்டர்கிட்ட சொல்லுங்க.” அவர் போய்ச் சொன்னார். டாக்டர் வேறு மாத்திரைக்கு மாற்றினார். சில வாரங்களில் இருமல் போய்விட்டது. லிஃப்ட்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, “சார், நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்” என்றார்.

அந்த ஒரு வாக்கியம் நம்மவருடைய மூளைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. லிஃப்ட்காரரை டாக்டரிடம்தான் அனுப்பினோம் என்பது மெதுவாக மறந்துபோனது. கேட்டுப் பாருங்க என்று சொல்லிவந்தவர், நிறுத்திப் பாருங்க என்று சொல்ல ஆரம்பித்தார்.

இப்போது தங்கை வீட்டுக்காரருக்கு வருவோம். தையல்காரர். மேலே வீடு, கீழே கடை. ஒரு வருடத்துக்கு முன் மாடிப்படியில் நெஞ்சு இறுக்கிப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு என்றார்கள். இதயத்தின் வேகத்தைக் குறைத்து அதன் சுமையை இறக்க ஒரு மாத்திரை, ரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஒரு மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சின்னக் குப்பியில் சில. மனிதர் ஒழுங்காகச் சாப்பிட்டார், ஒழுங்காகத் தைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்திருந்தபோது, வாய் சும்மா இராமல் சொல்லிவிட்டார். “என்னமோ தெரியல மச்சான், விரலெல்லாம் சில்லுனு இருக்கு. ஊசியில நூல் கோர்க்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுது.”

நம்மவர் எழுந்து உட்கார்ந்தார். “அசதி?”

“இருக்கு.”

“கனவு? பளிச்சு பளிச்சுனு?”

தையல்காரர் யோசித்தார். “நேத்து ஒருத்தர் சட்டைக்கு மூணு கை வைக்கச் சொன்னாரு.”

“அதேதான்!” தொடையில் அடித்தார். “நூத்திப் பதினெட்டாம் பக்கம். மாப்பிள்ளை, அது இதயத்தைப் பிரேக் போட்டு நிறுத்தி வச்சிருக்கு. விரல் வரைக்கும் ரத்தம் எப்படி வரும்? தொழிலே விரல்லதானே இருக்கு உங்களுக்கு? நிறுத்திப் பாருங்க.”

அடுப்படியிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். “டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு நிறுத்தலாமே அண்ணே?”

“அவங்களுக்கு எங்கம்மா நேரம்? அஞ்சு நிமிஷத்துல அஞ்சு பேரைப் பாக்கறாங்க. நான் இருக்கேன்ல?” அந்த வேகத்தில் குப்பியையும் ஒரு பார்வை பார்த்தார். “இதுவும் பயங்கர தலைவலி கொடுக்கும். சட்டைப் பையில வச்சுக்கிட்டு அலையாதீங்க.”

தையல்காரர் மச்சான் பேச்சைத் தட்டாதவர். வேகத்தைக் குறைக்கும் மாத்திரை நின்றது. குப்பி சட்டைப் பையிலிருந்து இறங்கியது. தங்கை அதை எடுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளையிடமிருந்து போன். “மச்சான், விரல் சூடாயிடுச்சு! ஒரே இழுப்புல நூல் கோர்த்துட்டேன்!” நம்மவர் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் ஓரத்தில் தேதி போட்டு ‘குணம்’ என்று எழுதினார். சிவப்பு மையில்.

ஐந்தாம் நாள் முற்பகல், வெட்டு மேஜையில் துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்த தையல்காரரின் கோடு பாதியில் வளைந்து மேஜையை விட்டு வெளியே போனது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பை காலி. பட்டன் தைத்துக்கொண்டிருந்த தங்கை தையல் பெட்டியைக் கவிழ்த்து, பட்டன் டப்பாவுக்குள் கையை விட்டு, அந்தக் குப்பியை எடுத்தாள். அண்ணன் சொன்ன அன்றே அவள் அதை அங்கே போட்டுவைத்திருந்தாள். நாக்குக்கு அடியில் ஒன்றை வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

நம்மவர் மருத்துவமனைக்கு ஓடிவந்தார். கையில் என்ன? வேறென்ன, நோட்டுதான். டாக்டருக்கு உதவியாக இருக்கும் அல்லவா?

டாக்டர் இளம் பெண். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்து கையுறையைக் கழற்றினார். “இப்பத்தைக்குப் பரவாயில்ல. இன்னும் ரெண்டு நாள் பாக்கணும். மாத்திரை எதையாவது நிறுத்தினாரா? கேட்டா, தீந்து போச்சுங்கிறாரு.”

மச்சானைக் காட்டிக்கொடுக்கவில்லை அந்த மனிதர், நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டு படுத்திருந்தபோதும். தங்கை அண்ணனைப் பார்த்தாள். அதற்கு மேல் டாக்டருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“நீங்க சொன்னீங்களா?”

“நானா ஒண்ணும் சொல்லல டாக்டர். இதோ பாருங்க.” நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தைத் திறந்து காட்டினார். “குளிர்ந்த விரல்கள். அசதி. கனவுகள். எல்லாம் அச்சுல இருக்கு.”

டாக்டர் படித்தார். “எல்லாம் சரிதான். என்கிட்ட சொல்லியிருந்தா அளவைக் குறைச்சிருப்பேன், இல்ல வேற மாத்தியிருப்பேன். ஆனா சட்டுனு நிறுத்தக்கூடாதுன்னும் போட்டிருக்குமே?”

“அப்படி ஒண்ணும் போடலியே.”

“போட்டிருக்கும் சார்.”

“அம்மா, முப்பது வருஷமா இதே தொழில். ஒரு வரி என் கண்ணைத் தப்பாது.”

தங்கை அவர் கையிலிருந்து நோட்டை வாங்கினாள். பெஞ்சில் வைத்திருந்த பிளாஸ்கைத் திறந்தாள். ஆவி எழுந்தது. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை அதன் மேல் பிடித்தாள். தையல்காரர் மனைவிக்கு ஆவி எதை இளக்கும், எவ்வளவு நேரத்தில் இளக்கும் என்று யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கொண்டையிலிருந்து ஊசியை எடுத்து, தையல் பிரிக்கிற பக்குவத்தில் தாளின் ஓரத்தை நெம்பினாள். கிழியாமல் வந்தது. திருப்பி அண்ணன் கையில் கொடுத்தாள்.

“படி அண்ணே. சத்தமா.”

கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்ற வேண்டிய அவசியம்கூட இல்லை.

“உங்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்த மருந்தைத் திடீரென நிறுத்தாதீர்கள்.” நிறுத்தினார்.

“மேல.”

“நெஞ்சுவலி... கூடலாம். மாரடைப்பு...”

நறுக்குப் பிரிவின் முதல் விதி என்ன தெரியுமா? பசை தடவும் முன் பின்பக்கம் பார். பின்னால் செய்தி இருந்தால் பிரதி எடுத்துக்கொண்டு ஒட்டு. இதை மறந்த புதியவர்களைப் பார்த்து அவர் மூன்றாம் மாடி அதிரக் கத்தியிருக்கிறார். ஒருவரை அழவே வைத்திருக்கிறார்.

பெஞ்சில் உட்கார்ந்தார். முகம் நிஜமாகவே சிவந்திருந்தது. டாக்டர் நர்ஸுக்குக் கண் காட்ட, அவர் பிரஷர் பார்க்கும் பட்டையைக் கொண்டுவந்து இவர் கையில் சுற்றினார். பார்த்தார். மறுபடியும் காற்றடித்துப் பார்த்தார். எண்ணை டாக்டரிடம் மட்டும் சொன்னார்.

“உங்களுக்குப் பிரஷர் இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருக்காங்களா?”

“ம்.”

“மாத்திரை எடுத்துக்கறீங்களா?”

“படிச்சிருக்கேன்.”

தங்கை அன்று முதன்முறையாக வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, அழுகையா? இரண்டும்தான்.

இரண்டு நாள் நான்கு நாளாகி, தையல்காரர் வீடு திரும்பினார். அதே வகையில் விரலுக்கு இதமான வேறு மாத்திரை. குப்பி மறுபடி சட்டைப் பையில் ஏறிவிட்டது. மச்சான் வரும் ஞாயிறுகளில், அவர் எதிரே உட்கார்ந்து, கண்ணோடு கண் பார்த்து, ஒவ்வொன்றாக விழுங்குகிறார். பிறகு தங்கை ஒரு தம்ளர் தண்ணீரை அண்ணன் முன்னால் வைப்பாள். அவரும் பையிலிருந்து தன்னுடையதை எடுத்து விழுங்குவார். விழுங்கியதும் கை கணுக்காலை நோக்கிக் கீழே இறங்கும். தங்கை பார்ப்பாள். கை மேலே வந்துவிடும். கணுக்கால் லேசாக வீங்கத்தான் செய்கிறது. போன வாரம் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தார். லிஃப்ட்காரரின் இருமலுக்குப் பிறகு, அவர் வாழ்க்கையில் படித்ததைச் சரியான ஆளிடம் சொன்ன இரண்டாவது சந்தர்ப்பம் அது.

திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். ஒரு வாரம் விடுப்பு எடுத்து, கெண்டி ஆவியில் நோட்டு முழுவதையும் பிரித்து, எல்லாத் துண்டுகளையும் கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டுவிட்டார். இப்போது அலுவலகத்தில் இரண்டு பக்கமும் படித்துக் காட்டுகிறார். முன்பு பத்து நிமிடத்தில் தப்பித்த தலைமை எழுத்தருக்கு இப்போது இருபது நிமிடம் ஆகிறது.

சரி, இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். லிஃப்ட்காரர் இருமினாரே, அந்த இடத்தில் தொண்டையைச் செருமிக்கொண்டது யார்? விரல் சில்லிடும் என்று படித்ததும் கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தது யார்? இதைப் படித்து முடித்ததும், நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிற யாருக்கோ போன் போட்டு, “உங்க மாத்திரை பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்” என்று கேட்க நாக்கு துறுதுறுக்கிறதே, அது யாருடைய நாக்கு?

கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் அவர் வீட்டில் ஒரு பட்டன் டப்பாவும், அதற்குள் ஒரு குப்பியும், அதைப் போட்டுவைக்கும் அளவுக்கு உங்களை நம்பாத ஒரு தங்கையும் இருக்கிறார்களா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.